இருவகை ஐ.பி. முகவரிகளும் பாதுகாப்பான இணைப்பும்

க.பொ.த. (சாதாரண தரம்) – தகவல், தொடர்பாடல் தொழினுட்பவியல்
அலகு: இணையம்

சேவையகத்திடம் சேவையைக் கோரும் செய்நிரல் சேவைப் பயனர் செய்நிரல் எனப்படும். இணைய மேலோடி இதற்கு ஓர் உதாரணம் ஆகும். அது சேவையகத்தை அடைவதற்கு ஐ.பி. முகவரி தேவை. இன்று இருவகை முகவரிகள் வழக்கில் உள்ளன.

1. இரு முகவரிக் குடும்பங்கள்

பதிப்பு 4: 1981 இல் வரையறுக்கப்பட்டது. 32 பிற்றுக்களைக் கொண்டது. புள்ளிகளாற் பிரிக்கப்பட்ட நான்கு பதின்ம எண்களால் எழுதப்படும்.
உதாரணம்: 8.8.8.8
மொத்த முகவரிகள்: 2³² = 4,294,967,296

பதிப்பு 6: 1998 இல் வரையறுக்கப்பட்டது. 128 பிற்றுக்களைக் கொண்டது. முக்காற்புள்ளிகளாற் பிரிக்கப்பட்ட எட்டுப் பதினறும எண் தொகுதிகளால் எழுதப்படும்.
உதாரணம்: 2001:4860:4860::8888
இங்கு :: என்பது அடுத்தடுத்து வரும் நான்கு பூச்சியத் தொகுதிகளைக் குறிக்கின்றது.

மேலுள்ள இரண்டும் கூகிள் நிறுவனத்தின் ஒரே பொதுச் சேவைக்குரிய முகவரிகளாகும்.

பதிப்பு 4 முகவரிகளின் இறுதித் தொகுதிகள் 2011 பெப்ரவரி 3 இல் பிராந்தியப் பதிவகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. இலங்கைக்குரிய ஆசிய பசுபிக் பதிவகம் அதே ஆண்டு ஏப்ரலில் பங்கீட்டு முறைக்கு மாறியது. எனினும் பதிப்பு 4 கைவிடப்படவில்லை. இரு பதிப்புகளும் நேரடியாக ஒன்றோடொன்று தொடர்புகொள்ள மாட்டா. ஆகவே செய்நிரல் இரண்டையும் கையாள வேண்டும்.

2. இணைப்பு ஏற்படும் படிமுறை

படி 1 – பெயரை முகவரியாக்கல்: ஆள்களப் பெயர் முறைமையிடம் பதிப்பு 4 இற்கு ‘ஏ’ பதிவும், பதிப்பு 6 இற்கு ‘நான்கு ஏ’ பதிவும் கேட்கப்படும். (128 = 4 × 32 என நினைவிற் கொள்க.) விடையாகப் பல முகவரிகள் கிடைக்கலாம்.

படி 2 – முயற்சித்தல்: ஒரு முகவரி பயன் தராவிடின் அடுத்ததை முயல வேண்டும். முதல் முயற்சி முற்றாகத் தோல்வியடையும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஏறத்தாழ 250 மில்லி செக்கனில் அடுத்த முயற்சியைத் தொடங்குமாறு 2017 இல் வெளியான தொழினுட்ப ஆவணம் பரிந்துரைக்கின்றது. முதலில் வெற்றிபெறும் இணைப்பே பயன்படுத்தப்படும்.

படி 3 – அடையாளத்தைச் சரிபார்த்தல்: சேவையகம் தனது இலக்கமுறைச் சான்றிதழை அனுப்பும். அதிலுள்ள பெயர் பயனர் கோரிய ஆள்களப் பெயருடன் பொருந்துகின்றதா, அது நம்பகமான அதிகாரசபையால் வழங்கப்பட்டதா, காலாவதியாகவில்லையா என்பன பார்க்கப்படும்.

ஒரு வீட்டிற்கு இரு வீதிகளால் செல்லலாம். எவ்வீதியாற் சென்றாலும், பணத்தை ஒப்படைக்கும் முன் ஆளின் அடையாள அட்டையையே பார்க்கின்றோம். முகவரி வீதியைப் போன்றது. சான்றிதழ் அடையாள அட்டையைப் போன்றது.

3. செய்நிரலாக்கத்தில் நிகழும் தவறுகள்

(அ) முகவரிக்கு 15 எழுத்துருக்களுக்கான இடம் மாத்திரம் ஒதுக்குதல். பதிப்பு 6 முகவரியை முழுமையாக எழுத 39 எழுத்துருக்கள் தேவை.

(ஆ) முக்காற்புள்ளியைக் கொண்டு துறை இலக்கத்தைப் பிரித்தல். பதிப்பு 6 முகவரியிலேயே முக்காற்புள்ளிகள் இருப்பதால் முகவரி சதுர அடைப்பினுள் எழுதப்படும்: [2001:4860:4860::8888]:443

(இ) முகவரி கிடைத்ததும் பெயரைக் கைவிட்டு, சான்றிதழை முகவரியுடன் ஒப்பிடுதல். பெரும்பாலான சான்றிதழ்களில் பெயரே இருப்பதால் ஒப்பீடு பொருந்தாது. ‘எப்படியாவது இணைந்தாற் போதும்’ என்று சரிபார்த்தலையே நீக்கிவிடுவது இதனிலும் ஆபத்தானது. அப்போதும் தரவுகள் மறைகுறியாக்கப்படும். ஆனால் மறுமுனையில் இருப்பவர் யார் என்பது தெரியாது. கடவுச்சொல் ஒரு போலிச் சேவையகத்தைச் சென்றடையலாம்.

மாதிரி வினா

ஒரு வங்கியின் சேவையகத்திற்கு இருவகை முகவரிகளும் உண்டு. பதிப்பு 6 வழியான இணைப்புத் தோல்வியுற்றது. பதிப்பு 4 வழியாக இணைப்பு ஏற்பட்டது. ஆனால் சான்றிதழிலுள்ள பெயர் பொருந்தவில்லை. செய்நிரல் ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும் செய்ய வேண்டியது யாது? (4 புள்ளிகள்)

விடை:
(i) முதலாவது பாதைத் தோல்வி. வேறு முகவரியை முயல வேண்டும்.
(ii) இரண்டாவது அடையாளத் தோல்வி. கடவுச்சொல்லை அனுப்பாது இணைப்பைத் துண்டித்துப் பயனருக்கு அறிவிக்க வேண்டும்.

குறிப்பு: இவ்விரு தோல்விகளையும் ஒன்றாகக் கருதி ‘மீண்டும் முயல வேண்டும்’ என்று மாத்திரம் எழுதுவது முழுமையான விடையாகாது.

பயிற்சி

1. 2001:4860:4860::8888 என்பதைச் சுருக்காது எட்டுத் தொகுதிகளாக எழுதுக.
2. சான்றிதழை ஐ.பி. முகவரியுடன் அன்றி ஆள்களப் பெயருடன் ஒப்பிடுவதற்கான காரணத்தை விளக்குக.