கலியாணத்துக்கு முன்னே காணாக்கடி

கிளிவெட்டியில் கலியாணம், பொண்ணுக்கோ உடம்பெல்லாம் காணாக்கடி என்று வைத்துக்கொள்வோம். தடிப்பு ஆறு வாரத்துக்கு மேல் வந்துவந்து போனால் அது நாட்பட்டது. தொற்றாது, பெரும்பாலும் சாப்பாட்டுக் குற்றமுமில்லை. கருவாட்டை நாம் வீணாகப் பழிக்கிறோம்.

அரித்த அன்றைக்கு மட்டும் மாத்திரை போட்டால் போதாது. நாள் குறித்ததுமே டாக்டரிடம் காட்டி, செட்டிரிசின் 10 மில்லிகிராம் போன்றதை அவர் சொன்னபடி தினமும் எடுக்க வேணும். கேட்காவிட்டால் அளவைக் கூட்டுவது டாக்டர் வேலை, நம் வேலையல்ல. பிரிட்டோன் தூக்கம் தரும். பொண்ணு மணவறையிலேயே தூங்கி விழுவாள்! மேல்வலிக்கு அஸ்பிரின், டைக்குளோபினாக் போட்டால் தடிப்பு கூடலாம். மலைக் குளிரிலிருந்து போகிறவர்களுக்கு அங்குள்ள வெக்கையும் இறுக்கிய உடுப்பும் அரிப்பைக் கிளப்பிவிடும்.

நாக்கு வீங்கி மூச்சு முட்டினால் மாத்திரையைத் தேடிக்கொண்டிராமல் உடனே 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.