தொழுவத்தில் மாடு வாங்க, விற்க: பணம் கொடுக்கல் வாங்கலுக்கு முழுமையான வழிகாட்டி

பொள்ளாச்சி, மணப்பாறை போன்ற சந்தைகளில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை முடிந்தால், பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு வர வேண்டியதுதான். விற்றவரை மறுவாரம் தேடிப் பிடிப்பது கடினம். விற்பவரின் தொழுவத்துக்கே போய் வாங்கும்போது பணத்தைப் பிரித்துக் கொடுக்க முடியும். கண்ணால் பார்த்து உறுதி செய்ததற்கு மட்டும் பணம், மற்றதற்குப் பாக்கி. புதிதாக வாங்குபவர்கள் விலையில் ஆயிரம் குறைப்பதிலேயே குறியாக இருந்து இதைக் கோட்டை விடுகிறார்கள்.

படி 1: விலை படிந்ததும் அச்சாரம்

ஆயிரமோ இரண்டாயிரமோ போதும். சொன்ன தேதிக்கு வராவிட்டால் அச்சாரம் திரும்புமா, அதுவரை தீனிச் செலவு யாருடையது, இடையில் மாட்டுக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்பதை அப்போதே பேசிவிடுங்கள். கயிறு மாறும் வரை விற்பவர் பொறுப்பு என்று வைத்துக்கொள்வதே நியாயம். வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவை மட்டும் பார்த்து அச்சாரம் அனுப்பவே அனுப்பாதீர்கள். தரகர் இருந்தால் தரகைத் தனியாகக் கொடுங்கள். மாட்டுப் பணம் மாட்டுக்காரர் கைக்கே போகட்டும்.

படி 2: கறந்து பார்த்த பிறகு பெரிய தொகை

கறவை மாட்டைத் தொடர்ந்து மூன்று வேளை, நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது கறக்கச் சொல்லுங்கள். முதல் வேளைப் பாலைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். முந்தைய வேளை கறக்காமல் மடியில் நிறுத்தியிருந்தால் அளவு கூடித்தான் தெரியும். அடுத்த இரண்டு வேளையில் கிடைப்பதுதான் மாட்டின் உண்மையான பால். நான்கு காம்பிலும் முதலில் வரும் பாலைத் தனித்தனியாகக் கறுப்புத் துணியில் பீய்ச்சிப் பாருங்கள். திரிதிரியாக வந்தால் மடிநோய். பையிலிருந்து பணத்தை எடுக்காதீர்கள். சொன்ன அளவுக்குப் பால் இல்லையென்றால் லிட்டருக்கு எவ்வளவு விலை குறையும் என்பதை அச்சாரத்தின்போதே பேசியிருந்தால் தகராறு வராது.

படி 3: சினைக்குப் பாக்கி

சினை பிடித்து மூன்று மாதமான மாட்டைக் கால்நடை மருத்துவர் கையால் பரிசோதித்தே சொல்லிவிடுவார். சினை ஊசி போட்டு ஒரு மாதம்தான் ஆகிறது என்றால் 60,000 ரூபாய் மாட்டுக்கு 55,000 கொடுத்துவிட்டு, 5,000 ரூபாயைப் பரிசோதனை முடியும் வரை நிறுத்தி வையுங்கள். எந்தத் தேதிக்குள் பரிசோதனை, சினை இல்லையென்றால் அந்தப் பணம் யாருக்கு என்பதை எழுதிக்கொள்ள வேண்டும். நேர்மையாக விற்பவர் இதற்குத் தயங்க மாட்டார்.

படி 4: மீதிப் பணம்

பல ஊர்களில் விற்பவர் தன் கயிற்றை வைத்துக்கொள்வார். வாங்குபவர் புதுக்கயிறு கொண்டுவருவார். நீங்கள் விற்பவர் என்றால், கயிறு மாற்றும் முன் அன்றைக்குரிய பணம் முழுவதும் கைக்கு வந்திருக்க வேண்டும். யுபிஐயில் வந்தால் எதிராளி காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் (PIN) எண் தேவையே இல்லை. போடச் சொன்னால் மோசடி. பொதுவாக யுபிஐயில் தனிநபர்களுக்கு நாளொன்றுக்கு 1 லட்சம் வரைதான் அனுப்ப முடியும், ஆகவே ஜோடி மாடு வாங்குபவர் முன்பே திட்டமிட வேண்டும். ஒரே விற்பனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் இடம் தருவதில்லை. காசோலை என்றால் பணம் கணக்கில் ஏறிய பிறகே மாட்டை அனுப்புங்கள்.

படி 5: வாங்குபவர் தவணை கேட்டால்

தெரிந்தவர், பால் சொசைட்டியில் ஊற்றுபவர் என்றால் மட்டும் சம்மதிக்கலாம். பாதிக்கு மேல் முன்பணமாக வாங்கிவிடுங்கள். மாடு வற்றினாலும் தவணை நிற்காது என்ற வரி அவசியம். கடன் சண்டைகள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

படி 6: சீட்டு

காதுத் தோட்டின் 12 இலக்க எண், நிறம், பல், ஈத்து, மொத்த விலை, கொடுத்தது, பாக்கி, தேதி. இரண்டு பிரதி, இருவர் கையெழுத்து, ஒரு சாட்சி. மாட்டுக்குக் காப்பீடு இருந்தால் பாலிசியை வாங்குபவர் பெயருக்கு மாற்றும் விண்ணப்பத்திலும் விற்பவரிடம் அன்றே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.