ஆங்கிலத்தில் எதிர்காலம்: 'வில்' மட்டும் போதாது

ஆங்கில வினைச்சொல்லுக்கு இறந்தகால உருவம் உண்டு. எதிர்காலத்துக்கென்று தனி உருவம் கிடையாது. 'வாக்' நேற்றைக்கு 'வாக்ட்' ஆகும், நாளைக்கு அப்படி மாறாது. துணைவினையோ நிகழ்கால வடிவமோ அந்த வேலையைச் செய்கிறது. எதைப் போடுவது என்பதற்கு ஒரே கேள்வி பெரும்பாலும் உதவும்: பேசும் நேரத்தில் விஷயம் எவ்வளவு தூரம் முடிவாகியிருக்கிறது?

வாசலில் மணி அடிக்கிறது. எழுந்துகொண்டே ஒருவர் சொல்வது 'ஐ வில் கெட் இட்'. அந்த நொடியில் எடுத்த முடிவு. 'கோயிங் டு' இங்கே ஒட்டாது. வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பது என்று போன வாரமே தீர்மானித்தவர் 'ஐ ஆம் கோயிங் டு பெயின்ட் த ஹவுஸ்' என்பார். பெயின்டரிடம் நாள் பேசி முன்பணமும் கொடுத்தாயிற்றா? 'த பெயின்டர் இஸ் கமிங் ஆன் மண்டே'. 'நாளைக்கு ஊருக்குப் போறேன்' என்று நிகழ்காலத்தில் சொல்லிப் பழகிய தமிழருக்கு இது எளிதில் வரவேண்டும். பள்ளியில் உருப்போட்ட 'வில்'தான் குறுக்கே நிற்கிறது. கால அட்டவணையில் ஏறியவற்றுக்குச் சாதாரண நிகழ்காலம்: 'த ட்ரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ்'. கறுத்த மேகத்தைப் பார்த்துச் சொல்வது 'இட் இஸ் கோயிங் டு ரெயின்'. கண்ணெதிரே அறிகுறி இல்லாத வெறும் கணிப்புக்கு 'வில்'.

தன்மைக்கு 'ஷல்', மற்றவர்களுக்கு 'வில்' என்ற விதி, ஜான் வாலிஸ் 1653இல் இலத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்திலேயே இருக்கிறது. இன்றைய பேச்சில் 'ஷல் வி கோ?' போன்ற கேள்விகளில்தான் 'ஷல்' அதிகம் கேட்கிறது. சட்ட ஆவணங்கள் அதை இன்னும் விடவில்லை. 'வில்' தொடர்வினை வடிவத்தோடும் சேரும்: 'வில் யூ பி யூசிங் த கார்?' என்று கேட்டால் வற்புறுத்தல் தொனிக்காது. கார் இரவல் கேட்பவருக்கு உகந்த வடிவம்.

அதிகம் சறுக்குவது துணைவாக்கியத்தில். 'அவர் வரும்போது சொல்கிறேன்' என்பதில் 'வரும்' எதிர்காலப் பெயரெச்சம்; அதை அப்படியே கொண்டுபோனால் 'வென் ஹி வில் கம்' என்று வந்து நிற்கும். ஆங்கிலத்தில் 'வென் ஹி கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்'. நேரம் குறிக்கும் 'வென்', 'பிஃபோர்', 'அன்டில்', 'ஆஸ் சூன் ஆஸ்', நிபந்தனை சொல்லும் 'இஃப்' ஆகியவற்றை அடுத்து நிகழ்காலம் வரும். 'வில்' மறுபாதிக்குப் போகும். எழுதி முடித்ததும் இந்தச் சொற்களைத் தேடி, நேரமோ நிபந்தனையோ சொல்லும் அதே துணைவாக்கியத்தில் 'வில்' இருந்தால் பெரும்பாலும் அடித்துவிடலாம். 'இஃப் யூ வில் வெயிட் ஹியர்' போன்றவை தப்பிக்கும். அங்கே 'வில்' காலத்தைக் காட்டவில்லை, தயவுசெய்து காத்திருக்கச் சொல்கிறது.