வாடகைத் தாய்மை: ஆனந்த் நகரம் எழுப்பிய கேள்வி

இந்தியாவின் குஜராத் மாநிலத்திலுள்ள ஆனந்த், அமுல் பாலுக்குப் பெயர்பெற்ற நகரம். 2004 ஆம் ஆண்டு அது வேறொரு காரணத்தால் பேசப்பட்டது. பிரித்தானியாவில் வாழ்ந்த ஒரு பெண்ணின் இரட்டைக் குழந்தைகளை, அவளைப் பெற்ற தாயே அங்கு சுமந்து பெற்றார். சிகிச்சை அளித்தவர் வைத்தியர் நயனா பட்டேல். பின்னர் அவரது அகாங்ஷா வைத்தியசாலையை நாடிப் பல நாடுகளிலிருந்தும் குழந்தையற்ற தம்பதியர் வந்தனர்.

வாடகைத் தாய்மை என்பது யாது? தம்பதியரின் சூலும் விந்தும் உடலுக்கு வெளியே கருக்கட்டப்படும். சிலவேளை சூல் வேறொருவர் தானமாகத் தந்ததாகவும் இருக்கும். உருவாகும் முளையம் இன்னொரு பெண்ணின் கருப்பையில் வைக்கப்படும். அவள் சுமந்து பெற்று, குழந்தையைக் கையளிப்பாள்.

ஆனந்தில் இப்பெண்கள் கர்ப்ப காலத்தில் வீட்டை விட்டு விடுதியில் தங்கினர். பல ஆயிரம் டொலருக்குச் சமமான பணம் பெற்றனர். அதில் வீடு கட்டியோரும் பிள்ளைகளைப் படிப்பித்தோரும் உண்டு. ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குச் செய்யும் உதவி இது என்றார் பட்டேல். வறுமையை வைத்து நடத்தும் வியாபாரம் என்றனர் எதிர்த்தோர்.

அவள் விரும்பித்தானே சம்மதித்தாள் என்று கேட்கலாம். நம் நாட்டுத் தாய்மார் பிள்ளைகளை விட்டு மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகச் செல்வதும் விரும்பித்தான். வீட்டில் போதிய வருமானம் இருந்தால் எத்தனை பேர் போவார்கள்? பிரசவம் ஆபத்தில்லாத வேலையும் அல்ல. உயர் குருதியமுக்கம், குருதிப்பெருக்கு, சத்திரசிகிச்சை எல்லாம் சுமப்பவளின் உடலுக்கே. சாட்டியிலிருந்து பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணத்துக்குப் பிரசவத்துக்குச் செல்லும் தாய்க்காக வீடே துஆச் செய்து காத்திருக்கும். விடுதியில் இருப்பவளுக்காகக் காத்திருப்பது யார்?

குழந்தைக்கும் சிக்கல் நேர்ந்தது. 2008 இல் ஒரு யப்பானியத் தம்பதி, தமக்கான குழந்தை பிறக்கும் முன்பே விவாகரத்துப் பெற்றனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சில மாதங்களின் பின்னரே குழந்தை யப்பான் செல்ல முடிந்தது.

2015 இல் வெளிநாட்டவருக்கு இந்தியா இதைத் தடுத்தது. 2021 ஆம் ஆண்டுச் சட்டம் பணத்துக்கான வாடகைத் தாய்மையையே தடைசெய்தது. மருத்துவச் செலவும் காப்புறுதியும் மட்டுமே வழங்கலாம். ஒரு பெண் வாழ்நாளில் ஒரு முறையே இவ்வாறு சுமக்கலாம். எமது மார்க்க அறிஞர்களுள் பெரும்பாலானோர் கணவன் மனைவிக்கிடையிலான கருக்கட்டல் சிகிச்சையை அனுமதித்தாலும், மூன்றாமவரின் கருப்பையை அனுமதிப்பதில்லை. குழந்தையின் நஸப், அதாவது வம்சவழி, குழம்பக் கூடாது என்பதே காரணம்.

ஆயினும், பணத்தைத் தடுத்தால் மட்டும் நீதி கிடைத்துவிடாது. காசில்லாமல் சுமக்கும்படி குடும்பத்திலுள்ள ஓர் ஏழைப் பெண்ணை நெருக்கினால், அவளால் மறுக்க முடியுமா? மறுக்கும் உரிமை இல்லாதவளின் சம்மதம் சம்மதம் ஆகாது.

இத்தொழில் வளர நாமும் ஒரு காரணம். கலியாண வீட்டில் "இன்னும் ஒன்றும் இல்லையா?" என்று கேட்கும் ஒவ்வொரு வாயும், ஒரு பெண்ணை எந்த விலைக்கும் குழந்தை தேடத் துரத்துகிறது. சட்டம் இயற்றுவது நம் கையில் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்காதிருப்பது நம் கையில்தான் இருக்கிறது.