கணினி விழித்தால் கருவிகளுக்கு என்ன நினைவிருக்கும்?

மாணவர்களே, பாதி எழுதிய கட்டுரையைத் திறந்து வைத்தபடியே மடிக்கணினியை ‘ஹைபர்னேட்’ செய்கிறீர்கள். மறுநாள் திறந்தால், விட்ட வரியிலேயே கட்டுரை காத்திருக்கிறது. இது எப்படி?

‘ஸ்லீப்’ நிலையில் நினைவகத்துக்குச் சிறிதளவு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். ஹைபர்னேட்டில் அதுவும் கிடையாது. ஆகவே, நினைவகத்தில் இருப்பவற்றை இயங்குதளம் வன்தட்டில் எழுதிவிட்டுத்தான் அணைகிறது. விண்டோசில் அந்தக் கோப்பின் பெயர் ஹைபர்ஃபில்.சிஸ். கணினி விழிக்கும்போது அது மீண்டும் நினைவகத்தில் ஏறுகிறது.

சிக்கல் இனிமேல்தான். வைஃபை அட்டை, ஒலி அட்டை போன்ற கருவிகளுக்குள்ளும் சிறு பதிவகங்கள் உண்டு. கருவி எந்த முறையில், எந்த வேகத்தில் இயங்க வேண்டும் என்ற அமைப்புகள் அவற்றில் இருக்கும். மின்சாரம் நின்றதும் அவை அழிந்துவிடும். ஆனால், கருவியோடு பேசும் மென்பொருளான இயக்கியோ நினைவகத்திலிருந்து பழைய நிலையிலேயே எழுந்து வருகிறது. நேற்றைய பேச்சைத் தொடர ஒருவர் வருகிறார்; எதிரில் இருப்பவருக்கோ நேற்று நடந்த எதுவுமே நினைவில் இல்லை!

அதனால்தான் இயங்குதளம் ஒவ்வோர் இயக்கிக்கும் இரண்டு முறை கட்டளையிடுகிறது. உறங்கும் முன், “வேலையை நிறுத்து, தேவையான அமைப்புகளைக் குறித்து வை.” விழித்ததும், “கருவியை மீண்டும் தயார் செய்.” இதில் வரிசை முக்கியம். யுஎஸ்பி கட்டுப்படுத்தி எழாமல் அதில் செருகிய விசைப்பலகை எழ முடியாது. உறங்கும்போது இந்த வரிசை தலைகீழ்.

லினக்சில் இன்னொரு வேடிக்கை. முதலில் புதிய கெர்னல் ஒன்று இயங்கத் தொடங்கி, வன்தட்டைப் படிக்கச் சில கருவிகளை எழுப்புகிறது. பிறகு அவற்றை நிறுத்திவிட்டுப் பழைய கெர்னலிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. எனவே, கருவி எந்த நிலையில் இருந்தாலும் சமாளிக்க இயக்கி ஆயத்தமாக இருக்க வேண்டும். சரியாக எழுதப்படாத இயக்கிகள் இங்கேதான் தடுமாறுகின்றன. கணினி விழித்தபின் ஒலி வராமல் போவதற்கு இது ஒரு காரணம்.

2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ வசதி இயங்கும் கணினிகளில் ‘ஷட்டவுன்’ கொடுத்தாலும் உங்கள் செயலிகள் மட்டுமே மூடப்படும். கெர்னலும் இயக்கிகளும் ஹைபர்னேட் ஆகும். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஷட்டவுனில் தீராத கோளாறு ரீஸ்டார்ட்டில் தீர்வது இதனால்தான்.

விரலி விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. கணினி ஹைபர்னேட்டில் இருக்கும்போது விரலியைப் பிடுங்கி, பள்ளிக் கணினியில் கோப்பைத் திருத்தி, மீண்டும் செருகினால் ஆபத்து. அதே விரலிதானா என்று அடையாள எண்ணை வைத்து இயங்குதளம் சோதிக்கலாம்; உள்ளே கோப்பு மாறியது அந்த எண்ணில் தெரியாது. நேற்றைய நிலையை நம்பி அது எழுதத் தொடங்கினால், உங்கள் கோப்புகள் சிதைந்துவிடலாம். விரலியைப் பாதுகாப்பாக வெளியேற்றிவிட்டு, அதன் பிறகு ஹைபர்னேட் செய்யுங்கள்.