பின் நம்பர் அப்பாவிடமே இருக்கட்டும்

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டுப் பார்வை குறைந்துகொண்டே வருகிறது. ஆள் நடமாட்டம் தெரியும், எழுத்து தெரியாது. மளிகைக்கடையில் யுபிஐ பின் நம்பரைக் கடைப்பையனிடம் வாய்விட்டுச் சொல்கிறார். அவருடைய ஆண்ட்ராய்டு போனில், திரையிலிருப்பதை வாய்விட்டுப் படிக்கும் 'டாக்பேக்' வசதியைப் போட்டுப் பார்த்தேன். எதைத் தொட்டாலும் பேசுகிறது, எதுவும் திறப்பதில்லை. அணைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஐபோன் வாங்கிக் கொடுத்தால் சரியாகுமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: முதல் வேலையாக அந்தப் பின் நம்பரை இன்றே மாற்றிவிடுங்கள். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

ஐபோன் இப்போதைக்கு வேண்டாம். அதிலும் இதே வேலையைச் செய்யும் வாய்ஸ்ஓவர் அருமையானதுதான். 2009-லேயே 3ஜிஎஸ் மாடலில் வந்துவிட்டது. டாக்பேக்கும் ஏறக்குறைய அதன் வயசுதான். எதை வாங்கினாலும் விரலைப் புதிதாகப் பழக்கியே ஆக வேண்டும். அதைக் கையிலிருக்கும் போனிலேயே பழக்கலாமே.

நீங்கள் தொட்டபோது எதுவும் திறக்காததற்குக் காரணம் போன் அல்ல. டாக்பேக் ஓடும்போது ஒருமுறை தொட்டால், விரலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று சொல்வதோடு நின்றுகொள்ளும். அதைத் திறக்க, திரையில் எங்கு வேண்டுமானாலும் இருமுறை தட்ட வேண்டும். பக்கத்தை நகர்த்த இரண்டு விரல் வேண்டும். பார்வையுள்ள நாம்தான் இதில் தடுமாறுவோம். அணைக்க, வால்யூம் பட்டன் இரண்டையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் போதும். இந்தக் குறுக்குவழியை மட்டும் முன்கூட்டியே செட்டிங்ஸில் இயக்கி வையுங்கள். குரலைத் தமிழுக்கு மாற்றி, வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். முதல் பாடமாக வாட்ஸ்அப் வேண்டாம், போன் பேசுவது மட்டும் போதும். ஓரளவு புதிய போன்களில் அழைப்பை எடுக்கவும் வைக்கவும் இரண்டு விரலால் இருமுறை தட்டினாலே போதும். அவர் தடுமாறும்போது கையிலிருந்து போனை வாங்கிவிடாதீர்கள். வாங்கினால் அன்றோடு பாடம் முடிந்தது.

பின் நம்பருக்கு வருவோம். ஒரு காதில் இயர்போன் மாட்டிக்கொண்டால், விரல் எந்த எண்ணில் இருக்கிறது என்பது அவர் காதுக்கு மட்டும் கேட்கும். டாக்பேக் மெனுவில் திரையை மறைக்கும் வசதியும் உண்டு. அதைப் போட்டால் பக்கத்தில் நிற்பவருக்குக் கறுப்புத் திரைதான் தெரியும். வீட்டில் உங்கள் நம்பருக்கு ஒரு ரூபாய் அனுப்பிப் பழகட்டும், கடை அப்புறம். ரொக்கமாகக் கொடுப்பார் என்றால் ரிசர்வ் வங்கியின் 'மணி' செயலி 2020 முதல் இருக்கிறது. கேமராவில் காட்டிய நோட்டு எத்தனை ரூபாய் என்று இணையம் இல்லாமலே சொல்லும். கள்ள நோட்டா என்று மட்டும் சொல்லாது.

சில செயலிகளில் 'பெயரில்லாத பட்டன்' என்று மொட்டையாக ஒலிக்கும். செயலி செய்தவர் அந்தப் பட்டனுக்குப் பெயர் எழுதாமல் விட்டதுதான் காரணம், டாக்பேக் என்ன செய்யும்? பல இடங்களில் நாமே பெயர் வைத்துவிடலாம்; மெனுவில் அதற்கு வழி உண்டு. வங்கியின் கேஒய்சி அடையாளச் சரிபார்ப்புக்குக் கேமரா முன் கண்ணைச் சிமிட்டச் சொல்வது இதைவிட மோசம். ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில், 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் சேவைகளை அணுகுவதும் அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்து, கேஒய்சி முறையை எல்லோருக்கும் ஏற்றதாக மாற்றச் சொன்னது. அப்பாவை வங்கி திருப்பி அனுப்பினால் இந்தத் தீர்ப்பைச் சொல்லி எழுத்தில் புகார் கொடுங்கள்.

புதிதாக வந்ததில் எனக்குப் பிடித்தது, டாக்பேக்கோடு 2024-இல் சேர்ந்த ஜெமினி என்ற கூகுளின் ஏஐ. குடும்ப குரூப்பில் வரும் கல்யாணப் படத்தில் என்ன இருக்கிறது என்று விவரிக்கும். எல்லா மாடலிலும் இருக்காது. அதோடு, இல்லாததை இருப்பதாகவும் சில சமயம் அடித்துச் சொல்லும். கல்யாணப் படத்தில் புடவை நிறம் மாறினால் குடி முழுகிவிடாது. மாத்திரை அட்டையை மட்டும் அதனிடம் காட்ட வேண்டாம். அதற்குப் பதில், காலை மாத்திரைப் பெட்டிக்கு ஒரு ரப்பர் பேண்ட், இரவுக்கு இரண்டு என்று போட்டு வையுங்கள்.