வகைக்கெழுச் சமன்பாடு: விடை சரிதானா?

வகைக்கெழுச் சமன்பாட்டுக்கு விடை கண்டதும் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டத் தேவையில்லை. விடை சரியா என்பதைச் சமன்பாடே சொல்லிவிடும். பிளஸ் டூ மாணவர்களுக்குப் பழக்கமான நியூட்டனின் குளிர்வு விதியை எடுத்துக்கொள்வோம்.

அறையின் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ். டம்ளரில் 80 டிகிரியில் டீ. 10 நிமிடத்தில் 60 டிகிரிக்கு இறங்குகிறது. 20ஆவது நிமிடத்தில் எவ்வளவு இருக்கும்?

டீயின் வெப்பநிலையை மாறியாக எடுக்காதீர்கள். டீக்கும் அறைக்கும் உள்ள வித்தியாசத்தை எடுங்கள். எழுத்து வேலை பாதியாகும். வித்தியாசம் வ, நேரம் ந, மாறிலி க என்றால், விதி இதுதான்: டிவ/டிந = −க வ.

இனி மாறிகளைப் பிரியுங்கள்: டிவ/வ = −க டிந. இருபுறமும் தொகையிட்டால், மடக்கை வ = −க ந + ம. இயற்கை மடக்கையின் அடிமானத்தை ஈ என்று குறித்தால், வ = அ × ஈ^(−கந). கூட்டலில் நின்ற மாறிலி இங்கே பெருக்கலுக்கு வந்துவிட்டதைக் கவனியுங்கள்.

ந = 0 எனில் வ = 50; ஆகவே அ = 50. ந = 10 எனில் வ = 30. அதாவது 10 நிமிடத்துக்கு ஒருமுறை வித்தியாசம் ஐந்தில் மூன்றாகிறது. க ஏறக்குறைய 0.0511. 20ஆவது நிமிடத்தில் வித்தியாசம் 18, டீ 48 டிகிரி.

இப்போது சோதனை. விடையை வகையிடுங்கள்: −க × 50 × ஈ^(−கந). சமன்பாட்டின் வலப்பக்கத்தில் வ-வைப் பிரதியிடுங்கள், அதுவே வருகிறது. பிரதியிட வேண்டியது முதலில் எழுதிய சமன்பாட்டில்தான். இடையில் வந்த வரியில் பிரதியிட்டால், அதற்கு முன் நடந்த பிழை தப்பித்துவிடும்.

பலரும் வ = ஈ^(−கந) + ம என்று எழுதிவிடுவார்கள். வகையிட்டால் ம மறைந்துவிடும். வலப்பக்கத்திலோ −கம என்று ஓர் உறுப்பு மிஞ்சி நிற்கும். இரண்டு பக்கமும் ஒத்துப்போகாது. பிழை அங்கேயே பிடிபடும்.

ஆனால் இந்தச் சோதனை மட்டும் போதாது. அ-வுக்கு 50-க்குப் பதில் 80 போட்டாலும் சமன்பாடு நிறைவாகும்! தொடக்க நிபந்தனையைத் தனியாகப் பாருங்கள்: ந = 0-வில் டீ 110 டிகிரி என்று வரும். கொதிக்கும் தண்ணீரே 100 டிகிரியைத் தாண்டாதே.

கால்குலேட்டர் இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். முதல் நிமிட முடிவில் விடை தருவது 77.51 டிகிரி, இறக்கம் 2.49. சமன்பாடு சொல்லும் வேகமோ தொடக்கத்தில் நிமிடத்துக்கு 2.55 டிகிரி, முடிவில் 2.43. இறக்கம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது; விடையை நம்பலாம்.

பிரதியிடுவதற்கு இரண்டு வரி, தொடக்க நிபந்தனைக்கு ஒரு வரி. தேர்வில் அடுத்த கேள்விக்குப் போகும் முன் இந்த மூன்று வரிகளையும் எழுதிவிடுங்கள்.